ஸ்வாப்பை அணைக்கச் சொல்லாதீர்கள்

"ஃப்ரீ மெமரி குறைந்தால் ஸ்வாப்பை அணைத்துவிடுங்கள்" என்று உங்கள் லினக்ஸ் கட்டுரையில் இருக்கிறது. ஸ்வாப் என்றால், ரேமில் உள்ளதை ஒதுக்கிவைக்க டிஸ்கில் விடும் இடம். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள். புறக்கோட்டையில் ஒரு கடையின் கணக்கு சேர்வரை நான்தான் பார்க்கிறேன். 8 ஜிபி ரேம். இதே யோசனையை நம்பி ஸ்வாப்பை நிறுத்தினேன். மாதக் கடைசியில், பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே டேட்டாபேஸ் செத்துவிட்டது. லாக்கில் ஓஓஎம் கில்லர் வரி, அதாவது நினைவகம் தீர்ந்ததால் கெர்னலே புரோசஸைக் கொன்ற பதிவு.

நினைவகத்தைக் கெர்னல் 'பக்கங்கள்' என்ற சிறு துண்டுகளாகக் கையாளும். காலிப் பக்கங்கள் அது வைத்திருக்கும் 'லோ' (low) அளவுக்குக் கீழே போனதும் லினக்ஸ் கெர்னலில் கேஸ்வாப்டி (kswapd) என்ற பின்னணிப் பணி விழிக்கும். 'ஹை' (high) அளவு வரும்வரை இடத்தைக் காலிசெய்யும். டிஸ்கில் உள்ளபடியே இருக்கும் கோப்புப் பக்கங்களை எழுதாமலே ரேமிலிருந்து அகற்றிவிடலாம். மாறியவற்றை முதலில் எழுதவேண்டும். ஆனால் புரோகிராம் தன் வேலைக்குக் கேட்டு வாங்கிய நினைவகத்துக்கு டிஸ்கில் பிரதி கிடையாது. அதை ஒதுக்கிவைக்க ஸ்வாப்தான் இடம். அதை மூடினால் ரேமில் வைத்திருக்கும் கோப்புப் பிரதிகளையே (கோப்பு கேஷ், cache) கெர்னல் திரும்பத் திரும்பப் பிடுங்கும், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் நிரல் (code) உட்பட. மெஷின் இறுகிப்போவது அதனால்தான். 'மின்' (min) அளவுக்கும் கீழே போனால் நினைவகம் கேட்ட புரோசஸே நின்று இடம் தேடவேண்டும்.

அப்புறம், பார்க்கவேண்டியது முற்றிலும் காலியாக உள்ளதைச் சொல்லும் 'ஃப்ரீ' எண்ணை அல்ல, தேவைப்பட்டால் விடுவிக்கக்கூடியதையும் சேர்த்துக் கணிக்கும் 'அவெய்லபிள்' எண்ணை. 2 ஜிபி ஸ்வாப்பைத் திரும்பப் போட்டேன். அதன்பிறகு டேட்டாபேஸ் ஒருநாளும் விழவில்லை.