பாம்பெய் கேலரியில விழுந்த வெட்டு

ரோமன் ஆம்ஃபிதியேட்டர், அதாவது நடுவுல களமும் சுத்தி கேலரியும் இருக்கிற அரங்கம்னாலே எல்லாரும் ரோம்ல இருக்கிற கொலோசியம் முன்னாடி நின்னு ஒரு செல்ஃபி, கூடவே ராஜா கட்டைவிரல காட்டுனா ஆள் காலின்னு ஒரு கதை, அவ்ளோதான். என்னைக் கேட்டா அந்த கிளாடியேட்டர் ஆட்டம், அதாவது ஆயுதத்தோட ஆளுங்க மோதுற சண்டை, எப்படி ஓடுச்சுன்னு தெரிஞ்சுக்க இத்தாலில இருக்கிற பழைய ரோமன் ஊர் பாம்பெய்தான் சரியான இடம். கி.மு. 70 வாக்குல கட்டுனது, கொலோசியத்துக்கு 150 வருஷம் மூத்தது, இன்னிக்கும் நிக்கிற கல் ஆம்ஃபிதியேட்டர்கள்லயே ரொம்பப் பழசு. தரையத் தோண்டி களத்த பள்ளத்துல வெச்சு, தோண்டுன மண்ண சுத்திக் கொட்டி அதுமேல கேலரி போட்டுட்டாங்க. சுமார் 20,000 பேர் உக்காரலாம், ஊர்ல அவ்ளோ ஜனமே கிடையாது, அப்போ பக்கத்து ஊர்க்காரன் வந்தாதான் கேலரி நிறையும். வினையும் அங்கதான் வந்துச்சு.

செலவு பூரா ஊர் பெரிய மனுஷங்களோடது. பதவிக்கு வந்தவன் ஆட்டம் காட்டியே ஆகணும், அதனால சுவரெல்லாம் விளம்பரம். லுக்ரெடியஸ் சாட்ரியஸ் வாலென்ஸ்னு ஒருத்தர், ரோமப் பேரரசன் நீரோவோட பூசாரி, அவர் சார்பா 20 ஜோடி, மகன் சார்பா 10 ஜோடி கிளாடியேட்டர், ஏப்ரல் 8லேருந்து 12 வரைக்கும் பாம்பெய்ல மோதுறாங்க, மிருக வேட்டை உண்டு, வெயிலுக்கு பந்தல் உண்டுன்னு போட்டிருக்கு. அத எழுதுன பெயின்டர் எமிலியஸ் கெலெர், நிலா வெளிச்சத்துல தனியா எழுதுனேன்னு தன் பேரையும் ஓரமா சேத்து விட்டுட்டாரு, எனக்கு அந்த சுவர்ல ரொம்பப் பிடிச்சது அந்த ஆள்தான் 😄

சினிமால காட்டுற மாதிரி தினமும் பத்து பேர வெட்டிப் போட்டா ஸ்பான்சர் போண்டி ஆயிடுவாரு. 2ஆம் நூற்றாண்டு சட்ட அறிஞர் கையஸ் ஒரு ஒப்பந்தத்த உதாரணமா சொல்றாரு: கிளாடியேட்டர் முழுசா திரும்பி வந்தா அவன் வேர்வைக்கு 20 தினாரி (ரோமன் வெள்ளிக்காசு) வாடகை, செத்தாலோ ஊனமானாலோ 1000 தினாரி. அம்பது மடங்கு! செத்தவங்க நிறைய பேர் உண்டுதான், ஆனா ஒவ்வொரு சாவும் யாரோ ஒருத்தர் கணக்குல செலவா விழுந்துச்சு. அடிமைய வாடகைக்கு விட்டு சம்பாதிச்ச கூட்டம், இதுல வீரம் கீரம்னு எனக்குப் பெருசா ஒன்னும் தெரியல.

கேலரில உக்காந்திருந்தவன் உயிருக்கு அந்த கணக்கும் கிடையாது. கி.பி. 59ல லிவினேயஸ் ரெகுலஸ்னு, ஏற்கனவே செனட்ங்கிற ரோம் ஆட்சி மன்றத்துலேருந்து தூக்கி எறியப்பட்ட ஒருத்தர் நடத்துன ஆட்டம். பாம்பெய்காரனும் பக்கத்து ஊர் நுசேரியாகாரனும் முதல்ல கிண்டல், அப்புறம் கெட்ட வார்த்தை, அப்புறம் கல்லு, கடைசில கத்தி. உள்ளூர்க்காரன் கூட்டம் ஜாஸ்தி, நுசேரியாக்காரங்கள வெட்டித் தள்ளிட்டாங்க, கை கால் போனவங்கள ரோமுக்கே தூக்கிட்டுப் போயிருக்காங்க, பெத்தவங்களயும் பிள்ளைங்களயும் பறிகொடுத்தவங்க எவ்வளவோ பேர்னு ரோமன் வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் எழுதுறாரு. நீரோ விஷயத்த செனட் பக்கம் தள்ள, செனட் கான்சல்ங்கிற தலைமை அதிகாரிகள்ட்ட தள்ள, அது சுத்தி மறுபடி செனட்டுக்கே வந்து, பாம்பெய்ல இந்த மாதிரி கூட்டத்துக்கு 10 வருஷம் தடை. சட்டவிரோத சங்கங்கள கலைச்சுட்டாங்க, ரெகுலஸ நாடு கடத்திட்டாங்க.

ஊர்க்காரனுக்கு வெக்கமா இருந்துச்சான்னா, ஒருத்தன் வீட்டுச் சுவர்ல இந்தக் கலவரத்தயே கலர் ஓவியமா வரைஞ்சு வெச்சிருந்தான், பந்தல், படிக்கட்டு, வெளிய கடைங்க, நடுவுல வெட்டிக்கிற ஆளுங்கன்னு எல்லாம் இருக்கு, இப்போ நேப்பிள்ஸ் மியூசியத்துல போய் பாக்கலாம். இன்னொரு சுவர்ல எவனோ கிறுக்கி வெச்சிருக்கான்: காம்பானியாகாரங்களா (அந்த வட்டாரத்து ஆளுங்க), நாங்க ஜெயிச்ச ஜெயிப்புல நுசேரியாகாரனோட சேர்ந்து நீங்களும் ஒழிஞ்சீங்கன்னு.