கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போனது

அஞ்சு மாசமாக என் மனைவியைக் காரின் முன் சீட்டில் உட்கார வைக்காமல் ஓட்டினேன். நேற்றுதான் அதற்கு ஒரு முடிவு வந்தது. மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது செகண்ட் ஹேண்ட் வண்டி, 2012 மாடல். நாலு வருஷத்துக்கு முன்னால் மதுரைக்காரர் ஒருவரிடம் வாங்கினோம். ஆர்சியில் பெயர் மாற்றி, இன்சூரன்ஸ் மாற்றி எல்லாம் முறையாகத்தான் செய்தோம். ஆயில், பிரேக் எல்லாம் திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடமே பார்த்துக்கொள்வோம். ஏசியில் கோளாறு, அவரால் முடியவில்லை என்றுதான் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் சேஸிஸ் நம்பரை அடித்தான். திரையைப் பார்த்தபடியே, "சார், ஏர்பேக் ரீகால் பெண்டிங்ல இருக்கே, லெட்டர் வரலையா?" என்றான். ரீகால் என்றால், தயாரிப்பில் கோளாறு இருப்பது தெரிந்து கம்பெனியே வண்டியை வரவழைத்துச் சரிசெய்து கொடுப்பது.

எனக்கு எப்படி வரும்? கடிதம் மதுரைக்குப் போயிருக்கிறது. முதல் ஓனருக்குப் போன் போட்டேன். "ஆமா தம்பி, ஏதோ வந்துச்சு. வண்டியத்தான் குடுத்தாச்சேன்னு எடுத்துப் போட்டுட்டேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டி கைமாறியது ஆர்டிஓ ஆபீசுக்குத் தெரியும், இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரியும். வண்டியைச் செய்தவனுக்கு மட்டும் தெரியவில்லை.

கோளாறு என்ன என்று விசாரித்தேன். ஏர்பேக்கை ஒரு நொடிக்குள் ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டர் என்ற உலோகக் குப்பி. எங்கள் வண்டியில் பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

இன்ஃப்ளேட்டர் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்துக்கே தெரிந்த உதாரணம் தகாட்டா. ஏர்பேக் செய்த ஜப்பான் கம்பெனி. குப்பிக்குள் வாயுவை உண்டாக்க அம்மோனியம் நைட்ரேட் வில்லைகளைப் பயன்படுத்தினார்கள். ஈரத்தை உறிஞ்சும் பொருள் எதையும் பல மாடல்களில் சேர்க்கவில்லை. வெயிலும் ஈரக்காற்றும் வருஷக்கணக்கில் மாறி மாறிப் பட்டால் அந்த வில்லைகள் இளகிப்போகும். அப்புறம் ஒருநாள் வண்டி எங்காவது இடித்து ஏர்பேக் விரியும்போது, எரிய வேண்டிய வேகத்தைவிட அதிக வேகத்தில் எரிந்து குப்பியே வெடிக்கும். உயிரைக் காக்க வைத்த பை, இரும்புத் துண்டுகளை முகத்திலும் கழுத்திலும் அடிக்கும். 2014 ஜூலையில் மலேசியாவின் சிபு நகரில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். கழுத்தில் பாய்ந்தது ஒரு உலோகத் துண்டு. குழந்தையும் பிழைக்கவில்லை. அமெரிக்காவில் எந்த வண்டியை முதலில் சரிசெய்வது என்று வரிசை போட்டபோது, ஃப்ளோரிடா மாதிரி வெக்கையும் புழுக்கமும் உள்ள மாநிலங்களைத்தான் முன்னால் வைத்தார்கள். நான் இருப்பது வடசென்னைக் கடலோரம். வருஷம் முழுக்க வண்டி வெயிலில் நிற்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

பார்ட்ஸ் இல்லை என்றார்கள். "ஆர்டர் போட்ருக்கோம் சார், வந்ததும் கூப்பிடுறோம்." கூப்பிடவில்லை. மூன்று முறை நேரில் போனேன், மூன்று முறையும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். இரண்டாவது முறை சர்வீஸ் அட்வைசர் மெதுவான குரலில், "அதுவரைக்கும் முன்னாடி சீட்ல யாரையும் உக்கார வைக்காதீங்க சார்" என்றார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். முடியாதாம். அவர் நீட்டிய ஜாப் கார்டை, அதாவது வண்டிக்கு என்ன வேலை என்று எழுதும் சீட்டை, வாங்கிப் பார்த்தேன். வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதியிருந்தது. ஏர்பேக் என்ற வார்த்தையே அதில் இல்லை.

அதை அடித்து, ரீகால் எண்ணையும், பார்ட் இல்லாததால் வேலை நடக்கவில்லை என்பதையும் எழுத வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இதற்கு முக்கால் மணி நேரம் வாக்குவாதம். பின்னால் நின்றவர்கள் என்னைச் சண்டைக்காரன் மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். அமெரிக்கக் கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸின் கதை தெரிந்தவர்களுக்கு என் பிடிவாதம் புரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாகத் திரும்பி எஞ்சின் அணைந்துபோகிறது என்று ஓனர்கள் வருஷக்கணக்கில் புகார் செய்தார்கள். சாவி அப்படித் திரும்பிவிட்டால் ஏர்பேக்கும் வேலை செய்யாது. கம்பெனி அதை வாடிக்கையாளர் வசதி சார்ந்த குறை என்று வகைப்படுத்தி வைத்திருந்தது. பிறகு சாவி போடும் அந்த சுவிட்சைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள், பார்ட் நம்பரை மட்டும் மாற்றவில்லை. அதனால் பழசு எது, புதுசு எது என்று யாராலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 2014-இல்தான் ரீகால் வந்தது. கம்பெனியின் இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்ட சாவுகள் 124. எல்லாம் தாளில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதினார்கள் என்பதில் ஆரம்பித்தது.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்லாதீர்கள், இருக்கிறது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு, ரீகால் செய் என்று உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் வந்துவிட்டன. அபராதம் 10 லட்சத்தில் இருந்து 1 கோடி வரை. ஆனால் அந்த விதி 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். எனக்கு ஆறவே இல்லை இது. தகாட்டா மாதிரிக் கோளாறு வண்டிக்கு வயசு ஏற ஏறத்தானே ஆபத்தாகிறது? பழைய வண்டியை யார் ஓட்டுகிறார்கள்? புதுசு வாங்க முடியாமல் என்னை மாதிரி இரண்டாவது கை, மூன்றாவது கையாக வாங்குகிறவர்கள். அவர்களிடம் கடிதமும் வராது, சட்டமும் வராது.

முடியாத காரியமா இது? ஆஸ்திரேலியா 2018-இல் தகாட்டா ரீகாலைக் கட்டாயமாக்கி, 2020 முடிவுக்குள் மாற்றியாக வேண்டும் என்று கெடு வைத்தது. ஆபத்து அதிகமான வண்டிகளின் பதிவையே நிறுத்தினார்கள். கெடு முடிந்தபோது கிட்டத்தட்ட எல்லா வண்டிக்கும் என்ன ஆனது என்று கணக்கு இருந்தது. ஜப்பானில் மாற்றாத வண்டிக்கு எஃப்சி கொடுப்பதில்லை. இங்கே வாகன் என்ற அரசின் வண்டிப் பதிவுத் தளத்தில் ஒவ்வொரு வண்டியின் சேஸிஸ் நம்பரும் இருக்கிறது. ஆர்சியில் பெயர் மாற்றும்போதோ இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதோ 'உங்கள் வண்டிக்கு ரீகால் பாக்கி' என்று புது ஓனருக்கு ஒரு குறுஞ்செய்தி போகக்கூடாதா? டிராஃபிக் சலான் மட்டும் அன்றைக்கே சரியான ஆளின் போனுக்கு வந்துவிடுகிறதே. கம்பெனிகள் இத்தனை ஆயிரம் வண்டி ரீகால் என்று அறிவிப்பதைப் பத்திரிகை போடுகிறது. அதில் எத்தனை உண்மையில் சரிசெய்யப்பட்டது என்பதையும் அவர்கள் வெளியிட வேண்டும்.

நேற்று வேலை நடந்தது. டேஷ்போர்டைக் கழற்றி, பழைய குப்பியை எடுத்து, புதுசை மாட்டி மூட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கழற்றியதைக் காட்டச் சொன்னேன். டார்ச் லைட் அளவுக்கு ஒரு உருளை, ஓரத்தில் லேசாகத் துரு. அஞ்சு மாசமாக அதற்கு எதிரே இருந்த சீட்டைக் காலியாக வைத்து ஓட்டியிருக்கிறேன். அதற்கு முன் நாலு வருஷம் மனைவி அதில்தான் உட்கார்ந்து வந்தாள்.

உங்கள் ஆர்சியில் 17 எழுத்தும் எண்ணுமாக சேஸிஸ் நம்பர் இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் இன்றைக்கே பாருங்கள். காசு கேட்டால் கொடுக்காதீர்கள், ரீகால் வேலை இலவசம்.

எங்கள் தெருவில் இதே மாடல் இன்னொன்று நிற்கிறது. சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் அண்ணனுடையது, பின் சீட்டை மடித்து அண்டா ஏற்றுவார், அவர் பையன் முன்னால் உட்கார்ந்து வருவான். நேற்று சாயங்காலம் அவர் வண்டியின் சேஸிஸ் நம்பரையும் போட்டுப் பார்த்தோம். பாக்கி என்றுதான் வந்தது. "முகூர்த்த சீசன்ல ஒருநாள்கூட வண்டிய விட முடியாதே தம்பி" என்றார். புதன்கிழமை அவருக்கு ஆர்டர் இல்லையாம். காலையில் ஒன்பது மணிக்கு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு, என் ஜாப் கார்டு நகலோடு நானும் கூடப் போகிறேன்.