புத்தி கொள்முதல்

(நீடாமங்கலம் பக்கம், நெல் கொள்முதல் நிலையத்தை ஒட்டிய களம். ஐப்பசி பிறந்து நாலு நாள். குறுவை நெல் மேடு மேடாகக் கிடக்கிறது. அத்தை காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருக்கிறார். அண்ணன் மகன் முருகேசு விரலால் போனைத் துழாவிக்கொண்டிருக்கிறான்.)

முருகேசு: அத்தை, மெஷின்ல ஈரம் 19 சதவீதம் காட்டுது. 17க்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்களாம்.

அத்தை: நேத்து சாயங்காலம் சரியா 17 இருந்துச்சேடா. ராத்திரி தார்ப்பாயை எப்படிப் போட்ட?

முருகேசு: அடியில விரிச்சேன்.

அத்தை: மேல?

முருகேசு: இருந்ததே ஒண்ணுதானே. நெல்லுல மண்ணு ஒட்டக் கூடாதுன்னு...

அத்தை: பனி பூரா நெல்லு மேல. அறிவிருக்காடா? மூளை இருக்கா? கொஞ்சமாச்சும் புத்தி இருக்கா?

முருகேசு: ஒரே கேள்வியை எதுக்கு மூணு தரம் கேக்குறீங்க?

அத்தை: மூணும் வேற வேறடா. அறிவிருக்காங்கிறது ரோட்டுக் கேள்வி. குறுக்க பூந்தவனை மினி பஸ் டிரைவர் கேப்பாரு, பதிலுக்குக் காத்திருக்க மாட்டாரு. மூளை இருக்கான்னா கணக்கு உதைக்குதுன்னு அர்த்தம். 40 கிலோ சிப்பம் 30 போட்டா எவ்வளவு?

முருகேசு: (போனைத் தேடுகிறான்)

அத்தை: 12 குவிண்டால். அதுக்குத்தான் மூளையைக் கேட்டேன். புத்தி இருக்கான்னு மட்டும் வேண்டியவங்களைத்தான் கேக்க முடியும். மினி பஸ் டிரைவர் அதைக் கேட்டாருன்னா இறங்கிப் போய் என்ன உறவுன்னு விசாரி.

முருகேசு: தலையில களிமண்ணுன்னு சொல்றாங்களே, அது எதுல சேர்த்தி?

அத்தை: அது வெளியூர்க்காரங்க திட்டு. களிமண்ணு தண்ணியை இறங்க விடாம நிறுத்தி வைக்கிறதாலதானே நம்ம பக்கம் நெல்லே வெளையுது? உன் தலையில இருக்கிறது ஆத்து மணலு. ஊத்த ஊத்த இறங்கிருது.

(இந்த இடத்தில் முருகேசு கோபித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மணலுக்கு இப்போது என்ன விலை என்று யோசித்துக்கொண்டிருந்தான்.)

முருகேசு: போன்ல போட்டிருக்கு. புத்திங்கிறது வடமொழியிலேருந்து வந்ததாம். விழிச்சுக்கிறதுன்னு அர்த்தம் வர்ற வேராம். புத்தர், புதன்கிழமை எல்லாம் அதே வேராம்.

அத்தை: பாத்தியா? ராத்திரி முழிச்சிருந்தா நெல்லு நனைஞ்சிருக்காது. வேரே சொல்லுதே.

முருகேசு: புத்தியும் அறிவும் ஒண்ணுன்னும் போட்டிருக்கு.

அத்தை: ஒண்ணுன்னா இதுல மாட்டிவிட்டுப் பாரு. திருட்டுப் புத்தி, குறுக்குப் புத்தி, குரங்குப் புத்தி, அற்பப் புத்தி. இப்ப புத்தியை எடுத்துட்டு அறிவைப் போடு.

முருகேசு: திருட்டு அறிவு... குரங்கு அறிவு... நிக்கலையே அத்தை.

அத்தை: நிக்காது. அறிவுங்கிறது தெரிஞ்சு வச்சிருக்கிறது, அதுல கெட்டது சட்டுனு ஒட்டாது. புத்தி கொணத்தையும் சேர்த்துச் சொல்ற சொல்லு. உனக்கு உங்கப்பன் புத்தி அப்படியே வந்திருக்குன்னு சொல்றோம்ல?

முருகேசு: எங்கப்பா உங்க கூடப் பொறந்த அண்ணன்தானே!

அத்தை: அதனாலதான் அடிச்சுச் சொல்றேன்.

முருகேசு: புத்தி சொல்றதுன்னும் இருக்கே.

அத்தை: புத்தி சொல்லலாம். அறிவை அப்படிச் சொல்ல முடியாது, உரைன்னு ஒண்ணை ஒட்டி அறிவுரை ஆக்கணும். மூளையைச் சொல்லவே முடியாது, கசக்கத்தான் முடியும். நெல்லைத் தள்ளுடா, ஒரே இடத்துல குமிஞ்சு கெடக்கு. ரெண்டு விரல் கனத்துக்குப் பரப்பி அரை மணிக்கு ஒரு தடவை துழாவுனாத்தான் காயும்.

முருகேசு: (தள்ளிக்கொண்டே) மதின்னாலும் புத்திதானே? அப்ப புத்திமதின்னா டபுள் புத்தியா?

அத்தை: தன்கிட்ட வச்சுக்கிட்டா புத்தி. ரெண்டையும் சேர்த்து ஊரானுக்குக் குடுத்துட்டா புத்திமதி. குடுத்தவன்கிட்ட மிச்சம் இருக்கணும்னு இல்ல.

முருகேசு: இருந்தாலும் மனுஷனுக்கு ஆறறிவு அத்தை.

அத்தை: அது இந்த அறிவு இல்லடா. தொட்டு, ருசிச்சு, மோந்து, பாத்து, கேட்டு அறியிறது அஞ்சு, மனசு ஆறாவது. தொல்காப்பியக் கணக்குல நண்டுக்கு நாலு. அந்த நாலை வச்சுக்கிட்டே அது வரப்புல வளை போட்டு, ராத்திரியோட ராத்திரியா உன் தண்ணியை அடுத்த வயலுக்கு வடிச்சிருது. ஆறு வச்சிருக்கிறவன் காலையில போய் வரப்புல நின்னு செல்ஃபி எடுக்குறான்.

முருகேசு: (பேச்சை மாற்றி) நான் சொல்புத்தி கேக்குறவன்தானே?

அத்தை: சொல்புத்தியும் கெடையாது, சுயபுத்தியும் கெடையாது. ஒண்ணாவது இருந்தா குடும்பம் நடந்துரும்.

முருகேசு: போகட்டும். இன்னிக்கு நடந்தது புத்தி கொள்முதல்னு வச்சுக்குவோம்.

அத்தை: வச்சுக்க. அந்தக் கொள்முதல்ல ஈரம் பாக்க மாட்டாங்க, தூத்தச் சொல்ல மாட்டாங்க. எத்தனை சிப்பம்னாலும் உடனே எடுத்துப்பாங்க. காசு மட்டும் நீ குடுக்கணும்.

முருகேசு: நல்லதா ஒரு சொல்லு இல்லியா அத்தை? புத்திசாலின்னு ஒரு தடவையாவது...

அத்தை: அது திட்டெல்லாம் தீந்தப்பறம் வர்றது. மொகத்தைப் பாத்து ஒருத்தர் மெதுவா "நீ புத்திசாலிப்பா"ன்னாங்கன்னா, இனிமே உன்னைத் திட்டிப் பிரயோசனமில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. சரி, நான் டீ குடிச்சுட்டு வர்றேன். பாத்துக்க.

(அத்தை போகிறார். முருகேசு வானத்தைப் பார்க்கிறான். எங்கோ ஒரு துண்டு மேகம். நெல்லையெல்லாம் கூட்டிக் குவித்து, தார்ப்பாயை மேலே போட்டு, சுற்றிலும் செங்கல் வைத்து இறுக்கிவிட்டு, நிமிர்ந்து நிற்கிறான். வெயில் கொளுத்துகிறது. அத்தை திரும்பி வந்து தார்ப்பாயைத் தூக்கிக் கையை உள்ளே விடுகிறார்.)

முருகேசு: இந்தத் தடவை மேல போட்டுட்டேன் அத்தை!

(நெல் கொதிக்கிறது. தார்ப்பாயின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. அத்தை ஒரு நெல்லை எடுத்துக் கடிக்கிறார். நறுக்கென்று உடையவில்லை, நசுங்குகிறது. இப்படியே மூடிக் கிடந்தால் அரிசி பழுப்பேறிவிடும். அத்தை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முருகேசின் முகத்தைப் பார்க்கிறார்.)

அத்தை: (மெதுவாக) நீ...

முருகேசு: அத்தை, வேணாம்! அறிவிருக்கான்னே கேளுங்க!