பின்னால் வந்தவன் என்றாலே குற்றவாளியா?

நேற்றிலிருந்து அந்த பைபாஸ் வீடியோவுக்குக் கீழே எல்லோரும் நீதிபதி ஆகிவிட்டீர்கள். டீக்கடையைத் தாண்டிவிட்டாராம், அதனால் இண்டிகேட்டர் கூடப் போடாமல் நடு ரோட்டில் பிரேக் அடித்து நிற்கிறார் கார்க்காரர். பைக்கில் வந்த பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். உங்கள் தீர்ப்பு: "பின்னாடி வந்து இடிச்சவன் மேலதான் தப்பு."

யார் சொன்னது? கோயம்புத்தூர் வழக்கைப் படியுங்கள். 2017 ஜனவரி. ஹைவேயில் முன்னால் போன கார் திடீரென நின்றது. கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் என்றார் ஓட்டியவர். பைக்கில் வந்த இன்ஜினியரிங் மாணவன் மோதி விழ, பின்னால் வந்த பஸ் ஏறி, இடது காலே போய்விட்டது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கார்க்காரர் மேல் தப்பே இல்லை என்றது. உயர் நீதிமன்றம் தப்பில் 40 சதவீதத்தை அவர் மேல் போட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை 50 ஆக்கியது. பஸ்ஸுக்கு 30. இடைவெளி விடவில்லை, லைசென்ஸும் இல்லை என்றெல்லாம் பார்த்த பிறகும் மாணவனுக்கு 20தான். குமட்டலுக்கே 50 என்றால் டீக்கு எவ்வளவு?

"இடைவெளி விடுவது பின்னால் வருபவன் கடமை இல்லையா?" கடமைதான். 2017 வரை இருந்த 1989 சாலை விதிகளிலேயே அது இருந்தது. அதை வைத்து, லாரிக்குப் பின்னால் மோதிய கார் தரப்பின் வாதத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்காததும் தெரியும். ஆனால் அதற்கு அடுத்த விதியே, அவசியமில்லாமல் சட்டென்று பிரேக் போடாதே என்றதே, அது மட்டும் ஏன் உங்கள் கண்ணில் படவில்லை? அப்புறம், ஊருக்குள் இடைவெளி விட்டு ஓட்டித்தான் பாருங்களேன். அதில் இரண்டு ஆட்டோ நுழையும்.

என் தம்பி கதை இங்கே பழையவர்களுக்குத் தெரியும். ராத்திரி, வளைவு தாண்டியதும் பாதி ரோட்டை அடைத்து ஒரு லாரி. லைட் இல்லை, ரிஃப்ளெக்டர் இல்லை, பின்னால் ஒரு மரக்கிளை கூட ஒடித்துப் போடவில்லை. "நின்ன வண்டியில போய் முட்டியிருக்கான், என்ன கேஸ் போடச் சொல்றீங்க?" என்றார் ஸ்டேஷனில். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து, "கொஞ்சம் பார்த்து வந்திருக்கலாமேப்பா" என்றுவிட்டுப் போனார்கள். லாரிக்காரன் யார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. தம்பியும் தலையாட்டிக்கொண்டே கிடந்தான்.

சொந்தக் கதையை இழுத்து உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். ஆமாம், அப்படித்தான். பைக் பையன் என்றாலே பறக்கிறவன், கார் என்றாலே குடும்பஸ்தர், இதுதானே உங்கள் சட்டம்?

அந்தப் பையனின் அம்மாவும் முகநூலில் இருப்பார். அவரையும் டேக் செய்து இடைவெளிப் பாடம் எடுங்களேன்.