காந்தம் ஒட்டாததெல்லாம் வெண்கலம் இல்லை

"பழைய உலோகப் பொம்மை, சாம்பல் கிண்ணம் எதிலும் காந்தம் ஒட்டாவிட்டால் அது அசல் வெண்கலம், நூறு வருஷப் பழசு" என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. தப்பு. ஒட்டாவிட்டால் அது இரும்பு இல்லை, அவ்வளவுதான். போன மாதம் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், அதிலும் ஒட்டாது.

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே வெண்கல நிறம் ஏற்றி மலிவாக விற்ற சிலைகள் ஏராளம், ஸ்பெல்டர் என்பார்கள், காந்தம் அதிலும் ஒட்டாது. பொருளைக் கவிழ்த்து அடியில், மறைவான இடத்தில், பூச்சைத் தாண்டிக் கொஞ்சம் சுரண்டுங்கள் (மூக்கில் வேண்டாம், சாமி!): வெள்ளிச் சாம்பலாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்பெல்டர், மஞ்சளோ செம்பு நிறமோ என்றால் பித்தளை அல்லது வெண்கலம். அப்போதும் வயது தெரியாது. அந்த ஃபார்வர்ட் வந்தால் மேலே அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடம் குத்துவிளக்கு விஷயத்தைச் சொல்லுங்கள்.