லூமன் மட்டும் போதாது

உங்கள் டார்ச் ஒப்பீட்டுப் பதிவில் டார்ச்சுகளை லூமன் (வெளிவரும் மொத்த ஒளியின் அளவு) வரிசையில் மட்டும் அடுக்கியிருக்கிறீர்கள், ஒளி விழும் விதத்தையும் சொல்லியிருக்கலாம். கான்வாய் நிறுவனத்தின் எஸ்2 பிளஸ், சி8 பிளஸ் டார்ச்சுகள் இரண்டிலும் ஒரே எல்இடி போட்டாலும், சி8-இன் அகலமான, ஆழமான பிரதிபலிப்பான் ஒளியை நடுவில் குவித்துத் தூரம் அனுப்பும். எஸ்2 பக்கவாட்டில் பரப்பும். வீட்டுக்கும் நடைபாதைக்கும் எனக்கு அதுதான் பிடிக்கும். தூரத்தைச் சொல்வது கேண்டலா, அதாவது ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்ற அளவு: 10,000 என்றால் 200 மீட்டர், 40,000 என்றால் 400 மீட்டர்தான். அதுவும் விழும் ஒளி 0.25 லக்ஸாக (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு), கிட்டத்தட்ட நிலா வெளிச்சமாகக் குறையும் இடம். அப்புறம், சுவரில் டார்ச் அடித்து எடுக்கும் படங்களை எல்லா டார்ச்சுக்கும் ஒரே ஷட்டர் வேகம், ஒரே ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) வைத்து எடுங்கள். ஆட்டோவில் விட்டால் மங்கலானதையும் கேமரா பளிச்சென்று காட்டிவிடும்.