சராசரியைவிடக் குறைவு, அதனால் வாயை மூடு என்கிறார்கள்

நேற்று முழுக்கச் சுற்றிய அந்த அட்டவணையைப் பற்றித்தான் எழுதுகிறேன். யார் போட்டது, யார் யார் பகிர்ந்தது என்று மறுபடி சொல்லப்போவதில்லை, எல்லோரும் பார்த்தாயிற்று. 'நம் மாவட்டத்து ஆண்களிடையே புற்றுநோய்ச் சாவு விகிதம் நாட்டுச் சராசரியைவிடக் குறைவு, இனியாவது பீதி கிளப்புவதை நிறுத்துங்கள்' என்று தலைப்பு. அதன் கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்த எண்ணிக்கையில் யாரெல்லாம் சேர்ந்திருக்கிறார்கள்? அதற்கு வந்த பதில்: 'சொந்தத் துக்கத்தை வைத்துப் பொதுக் கணக்கை எடைபோடாதீர்கள்.' அந்தப் பதிலுக்கு எத்தனை விருப்பக்குறிகள் விழுந்தன என்பதையும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவர்கள், எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்கள்கூட அதில் இருந்தார்கள்.

சரி, துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டே பேசுவோம்.

ஒருவர் புற்றுநோயால் இறந்தார் என்று கணக்கில் ஏற வேண்டுமானால், அந்த நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும். இறந்த பிறகு அதுதான் காரணம் என்று ஒரு மருத்துவர் எழுத வேண்டும். அந்தக் காகிதம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவும் வேண்டும். இந்தியாவில் 2020இல் பதிவான மரணங்களில் மருத்துவச் சான்றோடு காரணம் தெரிந்தவை சுமார் 22.5 சதவீதம்தான். ஐந்தில் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. இந்தச் சதவீதமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பெரிய மருத்துவமனை உள்ள ஊரில் காரணம் எழுதப்படும், வீட்டிலேயே உயிர் பிரியும் ஊரில் எழுதப்படாது. அப்படியிருக்க, கீழே வகுக்கும் எண்ணில் மாவட்டத்து ஆண்கள் அத்தனை பேரையும் போட்டுவிட்டு, மேலே எழுதப்பட்ட சாவுகளை மட்டும் போட்டால் விகிதம் குறையாமல் வேறென்ன செய்யும்? அது நோய் குறைவாக இருப்பதைக் காட்டவில்லை, எழுதப்படாமல் போனதைக் காட்டுகிறது. யார் எண்ணப்பட்டார்கள் என்று நான் கேட்டது இதற்காகத்தான்.

என் பெரியப்பா எண்ணப்படவில்லை. தொண்டையில் தொடங்கியது. குரல் கரகரத்தபோது சளி என்றார், விழுங்க முடியாதபோது வயசாகிறது என்றார். நாங்கள் இழுத்துக்கொண்டு போனபோது நோய் கழுத்து முழுக்கப் பரவியிருந்தது. கடைசி வாரங்களில் கஞ்சியைக்கூடக் குழாய் வழியாகத்தான் கொடுத்தோம். வீட்டில்தான் இறந்தார். வந்து பார்த்த மருத்துவர் எழுதிக்கொடுத்த காகிதத்தில் இருந்தது 'இதயம் செயலிழப்பு'. அண்ணன் அதை வாங்கி அப்படியே கொடுத்துவிட்டு வந்தார். அந்த நேரத்தில் யார் நின்று சண்டை போடுவார்கள்? இதயம் நின்றது, மூச்சு நின்றது என்பதையெல்லாம் காரணமாக எழுதாதீர்கள், அதற்கு அடிப்படையான நோயை எழுதுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வழிகாட்டுதல் சொல்கிறது. இதயம் நிற்காமல் யார்தான் சாகிறார்கள்?

இதைச் சொன்னால் மறுபடி 'சொந்தக் கதை' என்பார்கள். ஆமாம், சொந்தக் கதைதான். அந்த அட்டவணையிலிருந்து விழுந்துபோன ஒவ்வொருவரும் யாரோ ஒரு வீட்டின் சொந்தக் கதைதான்.

அடுத்து வயது. புற்றுநோய்ச் சாவு வயதோடு சேர்ந்து ஏறும். வேலை தேடி இளைஞர்கள் வந்து குவியும் ஊரில் மொத்த விகிதம் தானாகவே தாழும், இளைஞர்கள் வெளியேறி முதியவர்கள் மட்டும் தங்கும் ஊரில் தானாகவே உயரும். ஜப்பானைப் பாருங்கள். அங்கே மொத்தப் புற்றுநோய்ச் சாவு விகிதம் பல பத்தாண்டுகளாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. வயதைச் சரிசெய்து, அதாவது எல்லா ஆண்டுகளிலும் முதியவர், இளைஞர் விகிதம் ஒரே மாதிரி இருந்ததாக வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தால் 1990களின் நடுவிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே நாடு, அதே சாவுகள், நேர் எதிரான இரண்டு கோடுகள். இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பானைச் சேர்ந்த ஆய்வாளர் செகி 1960இல் எல்லா நாடுகளையும் ஒப்பிட ஒரு பொது வயதுக் கட்டமைப்பை உருவாக்கினார், 1966இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிச்சர்ட் டால் குழு அதைத் திருத்தியது, உலகம் முழுக்க இன்றும் பயன்படுகிறது. நேற்றைய அட்டவணையில் வயது சரிசெய்ததா இல்லையா என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் 'தரவு பேசட்டும்' என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

அப்புறம் எண்ணிக்கை. அமெரிக்காவில் 1980களில் நேர்ந்த ஆண்களின் சிறுநீரகப் புற்றுநோய்ச் சாவுகளை மாவட்ட வாரியாக வரைந்து பார்த்தார்கள். மிக அதிக விகிதம் உள்ளவை பெரும்பாலும் மக்கள்தொகை குறைந்த கிராமப்புற மாவட்டங்கள். மிகக் குறைந்த விகிதம் உள்ளவையும் அதே மாதிரியான மாவட்டங்கள்தான். ஆள் குறைவான இடத்தில் ஒரு சாவு கூடினால் விகிதம் எகிறும், ஒன்று குறைந்தால் பூஜ்யமாகும். ஓராண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு சிறிய இடத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதக் கூடாது. எழுதியிருக்கிறார்கள்.

'அப்படியானால் உள்ளூரையும் நாட்டையும் ஒப்பிடவே கூடாதா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒப்பிட வேண்டும், கட்டாயம் ஒப்பிட வேண்டும். 1975இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1950 முதல் 1969 வரையிலான சாவுகளைச் சேர்த்து, வயது சரிசெய்து, மாவட்ட வாரியான வரைபடத் தொகுப்பு வெளியிட்டது. தென்கிழக்குக் கடலோரத்தில் ஆண்களின் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்வி எழுந்தது. வரைபடத்தோடு நிறுத்தவில்லை. ஜார்ஜியா கடலோரத்துக்குப் போய் நோயாளிகளிடமும், இறந்தவர்களின் குடும்பத்தாரிடமும் பேசினார்கள், அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலக் கப்பல் கட்டும் தளங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது தெரிந்தது, அங்கே பயன்படுத்திய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) மீது சந்தேகம் விழுந்தது. கவனியுங்கள், குடும்பத்தாரைக் கேட்டார்கள். உங்கள் துக்கத்தை ஓரமாக வையுங்கள் என்று சொல்லவில்லை.

'நீ மருத்துவரா?' என்று கேட்டவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

'நாடு முழுக்கவே குறைந்து வருகிறதே' என்று இன்னொருவர் அமெரிக்கக் கோடு ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினார். உண்மைதான், அங்கே புற்றுநோய்ச் சாவு விகிதம் 1991இல் உச்சம் தொட்டு அதன் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருக்கிறது. ஆண்கள் புகைப்பதை விட்டது அதில் பெரிய காரணம். ஆனால் அதே நாட்டில் கென்டக்கி மாநிலமும் இருக்கிறது, யூட்டா மாநிலமும் இருக்கிறது. புகைப்பவர்கள் அதிகமுள்ள கென்டக்கியில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு நாட்டிலேயே மிக அதிகமான இடங்களுக்குள் வரும், யூட்டாவில் மிகக் குறைவு. நாட்டுக் கோடு இறங்குகிறது என்பதற்காக ஓர் ஊரின் கோடு இறங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சராசரியும் பாதுகாப்பு எல்லை அல்ல. தடுத்திருக்கக்கூடிய புகையிலைச் சாவுகள் அத்தனையும் அந்தச் சராசரிக்குள் கிடக்கின்றன. அதைவிடக் கொஞ்சம் கீழே இருப்பதில் நிம்மதி என்ன இருக்கிறது?

பீதி கிளப்புகிறேனாம். நான் யாரையும் பயமுறுத்தவில்லை. ஆறாத வாய்ப்புண்ணைக் காட்டத் தயங்கும் ஆண், மலத்தில் ரத்தம் போவதை மனைவியிடமே சொல்லாத ஆண், 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எழுந்துபோகும் ஆண், இவர்கள் கையில் அந்த அட்டவணை போய்ச் சேர்ந்திருக்கிறது. 'நம் பக்கம் குறைவாம்' என்று அதைக் காட்டி இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுவார்கள். என் பெரியப்பாவும் அதைத்தான் செய்திருப்பார். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

அட்டவணையைப் போட்டவரிடம் மறுபடி எழுத்தில் கேட்டிருக்கிறேன். வயது சரிசெய்ததா? எத்தனை ஆண்டுக் கணக்கு? மாவட்டத்தில் எத்தனை சதவீதம் சாவுகளுக்கு மருத்துவர் காரணம் எழுதியிருக்கிறார்? வெளியூரில் சிகிச்சைக்குப் போய் அங்கேயே இறந்த நம் ஆட்கள் எந்த ஊர்க் கணக்கில் வருகிறார்கள்? இதற்கெல்லாம் பதில் இருந்தால், அதே தலைப்போடு அதே அட்டவணையை நானே பகிர்கிறேன். பதில் இல்லையென்றால் அந்தத் தலைப்பை எடுங்கள். இன்று இரவுக்குள் எடுங்கள், அது இன்னும் பகிரப்பட்டுக்கொண்டிருக்கிறது.